பூக்காத செடிக்கு ஓர் இரவு விளக்கு

பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வாசல்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே விளங்கும். கூரைத் தகரம் பழசாக இருக்கும், சுவரில் பாசி படிந்திருக்கும்; ஆனாலும் வாசலில் பூச்செடி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பால்மாவு டின்னில் ஜெரேனியம், பிளந்த வாளியில் ரோஜா, வேலியோரம் செவ்வந்தி, குசினிக்குப் பின்னால் கீரையும் பூசணியும். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ஒரு வாளித் தண்ணீர். மாலையில் கூடையை இறக்கி வைத்த பிறகு ஒரு பார்வை. நம் மக்களால் அந்தச் செடிகளுக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை மலைக்குளிர் பார்த்துக்கொள்கிறது.

போன பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அப்படியொரு லயத்துக்கு நாம் போயிருந்தோம். போன காரியம் வேறு. ஊழியர் சேமநிதிப் பணம் எடுப்பது பற்றிச் சிலருக்குச் சந்தேகம் இருந்தது. அதைப் பேசி முடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கார அக்கா நம்மை மெல்ல வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க பேப்பர்ல எழுதறவங்க. நாலு எடம் போய் வர்றவங்க. இந்தச் செடிக்கு என்னா கேடுன்னு பாத்துச் சொல்லுங்க. ரெண்டு வருஷமாச்சு. எல எலயா வருது. ஒரு பூவக் காணோம்."

குனிந்து பார்த்தோம். தரையோடு தரையாக, கரும்பச்சை நிறத்தில் ஓர் இலைக்கொத்து. சொரசொரப்பான இலை, ஓரத்தில் சிறு பற்கள். நோய் இல்லை, வாட்டம் இல்லை, பூச்சி அரித்த தடம்கூட இல்லை. நல்ல ஊட்டமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவிலிருந்து தண்டு கிளம்பவே இல்லை.

அக்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். பிறப்புப் பத்திரங்களுக்கும் சம்பளச் சீட்டுகளுக்கும் அடியிலிருந்து ஒரு வெளிநாட்டு விதைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். அதன் மேல் படம்: ஊதா கலந்த ரோஜா நிறத்தில் இதழ்கள் பாவாடைபோல் தாழ்ந்து தொங்க, நடுவில் செம்மஞ்சளாக ஒரு முள் மேடு. எக்கினேசியா. கோன் பிளவர் என்று சொல்வார்கள். நம் பேச்சில் கூம்புப் பூ என்று வைத்துக்கொள்வோம்.

"ஈப்போவுல இருக்குற மவ வாங்கிக் குடுத்தது. பேரன் வந்தா, 'பாட்டி, படத்துல இருக்குற பூ எங்க'ன்னு கேக்குறான். எனக்கு வர்ற டிசம்பரோட அறுவது முடியுது, தம்பி. அப்புறம் வீட்டக் காலி பண்ணணும். அதுக்குள்ள ஒரு தடவயாச்சும் பூத்துப் பாத்துரணும். மண்ணு சரியில்லையா, இல்ல எங் கையி ராசியில்லையா?"

நம்மிடம் அப்போது பதில் இல்லை. கேட்டுச் சொல்கிறோம் என்று விடைபெற்றோம். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை. இதே செடியை வைத்துக்கொண்டு தம் கையை நொந்துகொள்ளும் தாய்மார்கள் வேறு தோட்டங்களிலும் இருக்கக்கூடும் அல்லவா?

செடி எந்த ஊர்?

பதிலின் முதல் நுனியை எடுத்துக் கொடுத்தவர் படித்த நிபுணர் அல்லர். பிரிஞ்சாங் பக்கத்துச் செவ்வந்திப் பண்ணை ஒன்றில் வேலை செய்யும் நம் பையன் ஒருவர். ஒரு கடையில் அவரைச் சந்தித்தபோது அக்காவின் குறையைச் சொன்னோம். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அண்ணே, அந்தச் செடி எந்த ஊருச் செடி?"

வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் உள்ள புல்வெளிகளும் காட்டோரங்களும்தான் கூம்புப் பூவின் பிறந்த வீடு. செவ்வந்தி, சூரியகாந்தி, ஜெர்பரா எல்லாம் சேர்ந்த அதே பெரிய குடும்பத்துச் செடி. 1753ல் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் இதை ருட்பெக்கியா என்னும் இனத்தில் சேர்த்து எழுதினார். பிறகு 1794ல் ஜெர்மானிய அறிஞர் மோன்ஹ் அதைப் பிரித்து எக்கினேசியா என்று தனிப்பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் முள்ளெலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பூவின் நடு மேட்டை ஒருமுறை தடவிப் பார்த்தால் காரணம் கையிலேயே தெரியும். மஞ்சள் இதழும் கரும்பழுப்பு நடுவும் கொண்ட ருட்பெக்கியாவையும் கோன் பிளவர் என்றே விற்கிறார்கள். கீழே சொல்வது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

புல்வெளியில் பிறந்த செடிக்கு நம் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டதோ என்று முதலில் நாமும் நினைத்தோம். அது காரணமில்லை. பனிக்காலத்தில் மண்ணுக்கு மேல் எல்லாம் பட்டுப்போய், வசந்தத்தில் வேரிலிருந்து துளிர்க்கிற கெட்டியான செடி இது. கோடை வெயிலையும் தாங்கும். பிரிஞ்சாங்கின் குளிர்ந்த காற்று இதற்குச் சுகமே.

குறை வேறிடத்தில் இருந்தது. பண்ணைப் பையன் அதைத் தன் தொழிலிலிருந்தே காட்டினார்.

"ராத்திரியில எங்க பண்ணையப் பாத்திருக்கீங்கதானே? மலச்சரிவு முழுக்க லைட்டு எரியும். அது திருடனுக்குப் பயந்து போட்ட லைட்டு இல்ல அண்ணே. செவ்வந்தி பூத்துறக் கூடாதுன்னு போட்டது!"

இரவை எண்ணும் செடிகள்

இந்தப் பேச்சு வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் கேமரன் மலைப் பூந்தொழிலே இதன் மேல்தான் நிற்கிறது.

செடிகளுக்குக் கண் இல்லை. ஆனாலும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளிச்சம், எத்தனை மணி நேரம் இருட்டு என்பதை அவை கணக்கு வைத்துக்கொள்கின்றன. 1920ல் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்னும் இருவர், புகையிலையையும் சோயா மொச்சையையும் வைத்து இதை வெளிப்படுத்தினார்கள். கோடையில் எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் பூக்காத ஒருவகைப் புகையிலை, பகல் குறுகியவுடன் பூத்தது. 1938ல் ஹாம்னர், பானர் என்னும் வேறு இருவர், செடி உண்மையில் அளப்பது பகலைக் காட்டிலும் இரவின் நீளத்தையே என்று காட்டினார்கள். நீண்ட இருட்டின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலும் செடியின் கணக்கு மாறிவிடுகிறது.

செவ்வந்தி நீண்ட இரவு கேட்கும் செடி. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். பிரிஞ்சாங் பூமத்திய ரேகைக்கு வடக்கே நாலரை பாகையில் இருக்கிறது. ஜூன் மாத நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதக் குறுகிய பகலுக்கும் அங்கே உள்ள வித்தியாசம் சுமார் அரைமணி நேரமே. பன்னிரண்டு மணி இரவு செவ்வந்திக்குப் போதும். அதனால் ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடப் பார்க்கும். அப்படிப் பூத்தால் காம்பு நீளாது; நீளாத காம்பைச் சந்தையில் எவரும் வாங்கமாட்டார்கள். ஆகவே செடி சிறிதாக இருக்கும் வாரங்களில், நடு இரவில் விளக்கைப் போட்டு இருட்டை வெட்டுகிறார்கள். செடி வேண்டிய உயரம் வளர்ந்ததும் விளக்கை நிறுத்துகிறார்கள். மொட்டு வருகிறது. வெட்டி அடுக்கிக் கப்பலேற்றுகிறார்கள். ஜப்பான் வரைக்கும் போகிறது நம் மலைச் செவ்வந்தி.

கூம்புப் பூவின் கணக்கு இதற்கு நேர் மாறானது. அது பிறந்த புல்வெளியில் ஜூன் மாதப் பகல் பதினைந்து மணி நேரத்தை நெருங்கும். இரவு ஒன்பது மணி நேரம்தான். குறுகிய பகலில் இலை விட்டு உடம்பு தேற்றிக்கொள்ளும். பகல் நீண்டு இரவு குறுகிய பிறகு தண்டு விட்டுப் பூக்கும். நம் பிரிஞ்சாங்கிலோ அதற்கு என்றைக்கும் பன்னிரண்டு மணி இரவு. கோடை எப்போது வரும் என்று அந்தச் செடி இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது!

ஆக, அக்காவின் மண்ணிலும் குற்றமில்லை, கையிலும் குற்றமில்லை. செவ்வந்தியை மொட்டு விடாமல் தடுக்கிற அதே விளக்குதான் கூம்புப் பூவை மொட்டு விட வைக்கும் விளக்கு.

விளக்கு வைக்கும் முறை

செடிக்கு வயது வேண்டும். இளம் நாற்றுக்கு விளக்குப் போட்டுப் பயனில்லை. நல்ல இலைக்கொத்தாகத் திரண்ட பிறகு தொடங்கலாம். அக்காவின் செடி எப்போதோ தயார்.

சூரியன் சாயும் ஏழு மணி வாக்கில், இருட்டுவதற்கு முன்பே வாசல் விளக்கைப் போட்டு, இரவு பத்து மணிக்கு அணைத்துவிட வேண்டும். பன்னிரண்டு மணிப் பகல் பதினைந்து மணியாகிவிடும். இடையில் இருட்டு விழக்கூடாது. ஏழு மணிக்கே இருண்டு கிடந்து, ஒன்பது மணிக்கு நினைவு வந்து விளக்கைப் போட்டால் கணக்குத் தப்பும். விடிய நாலரை மணிக்கு எழுந்து சோறாக்குகிறவர்களுக்கு இரவு பத்து மணி வரை விழித்திருப்பது கஷ்டம். மின்சாமான் கடைகளில் நேரம் வைத்துத் தானாக அணையும் டைமர் விற்கிறது. அதை வாங்கிக்கொண்டால் நிம்மதி.

மஞ்சள் ஒளி தரும் 10 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். செடிக்கு மேல் நாலைந்து அடி உயரத்தில் இருக்கட்டும். ஒளி இலைமேல் நேராக விழவேண்டும். கூரை நிழல் மறைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் மாதம் 900 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஒயரை வெறுமனே இழுத்து, ஒட்டுப்போட்டு, வேலியில் கட்டித் தொங்கவிடாதீர்கள். மழையும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கே உலை. செடி தூரத்தில் இருந்தால் அதைத் தொட்டிக்கு மாற்றி வாசல் விளக்கின் கீழ்க் கொண்டு வையுங்கள். விளக்கைச் செடியிடம் கொண்டுபோக வேண்டாம். செடியை விளக்கிடம் கொண்டு வாருங்கள்.

விடிய விடிய எரிய விட்டால் இன்னும் சீக்கிரம் பூக்குமே என்று சிலர் நினைக்கலாம். கூடாது. இருட்டே இல்லாவிட்டாலும் இது பூக்க மறுக்கும் செடி. அதற்கும் தூக்கம் வேண்டும்.

பொறுமையும் வேண்டும். மொட்டு கண்ணில் படவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். பத்து நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் கதை" என்று அணைத்துவிடாதீர்கள்.

விதையும் மண்ணும்

புதிதாக விதை போடுகிறவர்களுக்கு இனிச் சொல்வோம். இந்த விதை பனிக்காலம் கடந்து முளைக்கப் பழகியது. ஆகவே ஈர மணலில் கலந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் நாலு வாரம் வைத்திருங்கள். மேலே பனிக்கட்டி உறையும் அறையில் வைக்க வேண்டாம். பிறகு எடுத்துத் தட்டில் விதைத்து, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண்ணைத் தூவுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். நாலைந்து இலை வந்ததும், செடிக்குச் செடி ஒன்றரை அடி இடம் விட்டு நடலாம்.

அடுத்தது மண். நாம் கொழுந்து பறிக்கும் தேயிலை புளித்த மண்ணைக் கேட்பது. அதனால்தான் அந்தச் சரிவுகளில் அது இவ்வளவு செழிக்கிறது. கூம்புப் பூவுக்கோ அந்தப் புளிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. விவசாயக் கடையில் விற்கும் சுண்ணாம்புத் தூளைச் சதுர கெஜத்துக்கு இரண்டு கைப்பிடி வீதம் மண்ணில் கலந்து, சில வாரம் ஆறவிட்டுப் பிறகு நடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அது வேரைச் சுட்டுவிடும்.

மூன்றாவது, தண்ணீர். கேமரன் மலையில் ஆண்டுக்குச் சுமார் 100 அங்குல மழை பெய்கிறது. இந்தச் செடி பிறந்த புல்வெளிகளில் நாற்பது அங்குலம் பெய்தாலே நல்ல மழை. ஆகவே இங்கே அதைக் கொல்வது வறட்சியாக இருக்காது. வேரில் தேங்கும் தண்ணீராகத்தான் இருக்கும். பாத்தியைத் தரையைவிட அரையடி உயர்த்திக் கட்டுங்கள். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணலோ பொடிக்கல்லோ சேருங்கள். தொட்டி என்றால் அடியில் துவாரங்கள் தாராளமாக இருக்கட்டும்.

உயர்த்திக் கட்டிய பாத்தியின் ஓரத்தைக் கல் அடுக்கியோ பலகை வைத்தோ அணைத்துவிடுவதும் அவசியம். சரிவில் வெறும் மண்ணாகக் கிடந்தால் ஒரு மழைக்குத் தாங்காது. மலைமண் கீழே போனால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். ரிங்லெட் நீர்த்தேக்கம் மேலிருந்து கழுவி வந்த மண்ணால் ஆண்டுக் கணக்கில் தூர்ந்து வந்தது. 2013 அக்டோபரில், கனமழைக்குப் பின் அணைத் தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களே போயின. அது பெரிய காரியம், நம் வாசல் சின்னக் காரியம் என்று விட்டுவிடலாகாது. ஒரு கூடை மண்ணானாலும் நம் மண்தானே.

எரு அதிகம் வேண்டாம். நன்றாக மக்கிய எரு ஆண்டுக்கு இரண்டு தடவை, இரண்டு கையளவு போட்டால் போதும். ஈ மொய்க்கும் பச்சைக் கோழி எருவைக் கொட்டினால் இலை பெருக்கும், தண்டு சோளத்தட்டைபோல் நீண்டு காற்றில் சாயும். மேலும், வீட்டு வாசலில் ஈ வளர்ப்பதற்கா பூ வளர்க்கிறோம்?

நோயும் மருந்தும்

தண்ணீரைக் காலையில், வேரடியில் ஊற்றுங்கள். மாலையில் இலை நனைந்தால் இரவெல்லாம் காயாமல் கிடக்கும். புள்ளி நோய் வரும். காற்றோட்டம் இல்லாமல் நெருக்கி நட்டால் இலைமேல் வெள்ளைச் சாம்பல் படியும். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள். நத்தைகளை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கலாம். கொழுந்தில் அசுவினி மொய்த்தால், சவர்க்காரத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து மறுநாள் கழுவிவிட்டால் போகும்.

பூவே பச்சையாகி, இதழ் உருமாறி, கொத்துக் கொத்தாகக் கோணலாக வந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் ஒரு கடும் நோய். மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவதே பக்கத்துச் செடிகளைக் காக்கும் வழி.

இங்கே ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லியிலோ பூச்சி மருந்திலோ மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருவதும், காலி மருந்துக் கலனைக் கழுவித் தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்வதும் நம் லயங்களில் நெடுநாள் நடந்த காரியம். மருந்தடித்த கையோடு பிள்ளையைத் தூக்கிய தாய்மார்கள் எத்தனை பேர்! பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரு மருந்து தடையானதால் மற்றவை எல்லாம் பன்னீர் ஆகிவிடவில்லை. பேரப்பிள்ளை தொட்டு விளையாடும் வாசலில் அந்த விஷங்களுக்கு வேலையே இல்லை. பூ ஒன்று குறைந்தால் குறையட்டும்.

இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. "இது மருந்துச் செடியாமே, சளிக்கு நல்லதாமே" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் இதன் வேரைப் பல்வலிக்கும் புண்ணுக்கும் பயன்படுத்தியது உண்மை. இன்று மருந்துக் கடைகளில் சளிக்கென்று எக்கினேசியா மாத்திரை விற்பதும் உண்மை. ஆனால் அது சளியைத் தடுக்கிறது என்று ஆராய்ச்சிகள் உறுதியாகச் சொல்லவில்லை. செவ்வந்திக் குடும்பத்துச் செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உடம்பு தடித்து மூச்சுத் திணறல்கூட வரலாம். ஆகவே வாசலில் வளர்த்துப் பாருங்கள். கஷாயம் வைக்கப் போகாதீர்கள். காய்ச்சல் என்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

வீடு போனாலும் செடி போகாது

இந்த நாட்டில் ஓய்வு பெறும் குறைந்தபட்ச வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதனால் வேலைக்கு ஒரு எல்லை தெரிந்தது. ஆனால் தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டுச் சாவியையும் கொடுத்தாக வேண்டும் என்பது நம் மக்களில் பலருக்கு இன்றும் உள்ள நிலைமை. முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே வாசலைக் கூட்டிப் பெருக்கியவர்கள், கடைசியில் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடிக்கோ பிள்ளைகளின் வாடகை வீட்டுக்கோ போகிறார்கள். சொந்த வீட்டுக்கான கோரிக்கையை இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறோம், இன்னும் எழுதுவோம். இன்றைக்குச் செடியைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

கூம்புப் பூவை உடன் கொண்டுபோக முடியும். வயதான செடியை வேர்மண்ணோடு தோண்டி, கூர்மையான கத்தியால் இரண்டாகவோ மூன்றாகவோ, ஒவ்வொரு துண்டிலும் துளிரும் வேரும் இருக்கும்படி பிரித்துத் தொட்டியில் வைக்கலாம். அடிக்கடி தோண்டினால் இந்தச் செடி முகம் சுளிக்கும். மூன்று நாலு ஆண்டுக்கு ஒருமுறை போதும். குடிபோவதற்கு இரண்டு மாதம் முன்பே பிரித்து வைத்தால் வேர் பிடித்துவிடும்.

அதைவிடச் சுலபம் விதை. இதழ் உதிர்ந்த பிறகு நடு மேட்டைக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள். அது கறுத்துக் காய்ந்ததும் வெட்டி, காகிதப் பையில் போட்டு உலுக்கினால் விதை விழும். முள் குத்தும், கவனம். கடையில் வாங்கிய கலப்பின வகையானால் பிள்ளை தாயைப்போல் இராது. சாதாரண ஊதா வகை பெரும்பாலும் தாயைப் போலவே வரும். விதை வேண்டாம், பூதான் வேண்டும் என்கிறவர்கள் வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளிவிட்டால் அடுத்த மொட்டுகள் எழும்.

ஈப்போ, கோலாலம்பூர் போன்ற கீழ்நாட்டு வெக்கையில் வளருமா? வெயிலைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. தொட்டியில், தாராளமான மணலோடு, மழைச்சாரல் நேராக விழாத வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். அங்கேயும் பகல் பன்னிரண்டு மணி நேரம்தான். ஆகவே அங்கேயும் அந்த விளக்கு இல்லாமல் காரியம் நடக்காது.

வைகாசியில் பார்த்தது

இத்தனையையும் ஒரு தாளில் எழுதி, தை மாதக் கடைசியில் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். நம் எதிரிலேயே படித்துவிட்டு, "லைட்டுப் போட்டாப் பூக்குமா? கேலி பண்றீங்களா தம்பி?" என்று சிரித்தார். ஆனாலும் அன்று மாலையே செடியைச் சுற்றித் தோண்டி, ஒரு பெரிய பெயிண்டு டின்னில் வைத்து வாசல் விளக்கின் கீழ்க் கொண்டுவந்து விட்டாராம்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு ஒருநாள் போன் வந்தது. "தம்பி, நடுவுல என்னமோ நிமிந்து வருது!"

வைகாசியில் நாமே போய்ப் பார்த்தோம். முழங்காலுக்கு மேல் உயர்ந்த மூன்று தண்டுகள். அவற்றில் ஒன்றில் பூ. படத்தில் கண்ட அதே ஊதா இதழ்கள், படத்தில் தெரியாத ஒரு பளபளப்போடு. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேரன் விரல் நுனியால் நடு மேட்டைத் தொட்டுவிட்டு, "பாட்டி, குத்துது!" என்று கையை இழுத்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மட்டும் நம்மேல் கோபம். "ஒங்க பேச்சக் கேட்டு இவ லைட்டப் போட்டா. எந் தொட்டியில இருந்த செவ்வந்தி மொட்டே வெக்கல!" என்றார். வேலியோரம் இருந்த அந்தத் தொட்டியிலும் இரவெல்லாம் வெளிச்சம் விழுந்திருக்கிறது. நாம் எழுதிக் கொடுத்த தாளில் இதைச் சொல்லத் தவறிவிட்டோம், தவறு நம்முடையதுதான். செவ்வந்தி வைத்திருப்பவர்கள் அதை விளக்கொளி படாத பின்புறத்துக்கு மாற்றிவிடுங்கள். பெரியம்மாவின் தொட்டியும் அன்றைக்கே குசினிப் பக்கம் போயிற்று.

புறப்படும்போது அக்காவிடம் கேட்டோம்: "டிசம்பர்ல இதையும் ஈப்போவுக்குக் கொண்டு போறீங்களா அக்கா?"

"பாதிய வெட்டி டின்னுல கொண்டு போறேன் தம்பி. பாதிய இங்கயே தரையில வெச்சிட்டுப் போறேன்."

"அடுத்து இந்த வீட்டுக்கு யார் வருவாங்களோ?"

"பங்களாதேசுப் புள்ளைங்க வரலாம், நேப்பாளத்துக்காரங்க வரலாம். யாராச்சும் வரட்டும். பல்பக் கழட்டாம, டைமரையும் அப்பிடியே வெச்சிட்டுப் போறேன். ஏழு மணிக்கு எரிஞ்சு பத்து மணிக்கு அணைஞ்சிட்டா, யாரு வீடுன்னு செடிக்குத் தெரியவா போவுது?"

நாம் மலையிறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. எதிர்ச் சரிவில் செவ்வந்திப் பண்ணை விளக்குகள் வரிசை வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தோம். லயத்துப் பக்கம் அக்காவின் வாசல் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.